என் குரலில் வந்த பொய்

சென்ற மாசி மாதப் பௌர்ணமி அன்று, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் நடந்தது இது. எழுத உட்காரும்போதெல்லாம் பாதியில் எழுந்து போய்விடுவேன். என் வீட்டுக்காரர்தான், "நீ எழுதலன்னா இதையும் எவனாவது உன் பேர்ல எழுதிடப் போறான்" என்று கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது நடக்கக் கூடியதுதான் என்று பட்டது. அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், துக்க வீடு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் மைக் செட் போகும். பௌர்ணமி தோறும் கிரிவலப் பாதையில் ஓர் அறிவிப்புப் பந்தல் போடுவோம். முதலில் அங்கே ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பேசிக்கொண்டிருந்தார். ஒரு பௌர்ணமிக்கு அவருக்குத் தொண்டை கட்டிவிட, நான் மைக்கைப் பிடித்தேன். அதற்குப் பிறகு அவருக்குத் தொண்டை சரியான பிறகும் யாரும் அவரைத் தேடவில்லை, பாவம்.

கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கூப்பிடுவதுதான் என் முக்கிய வேலை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வயதானவர்களைப் பற்றிப் பேசும்போது 'காணாமல் போய்விட்டார்' என்று சொல்லவே கூடாது. "நானா தொலைஞ்சேன்? எம் மருமவதான் தொலைஞ்சா" என்று பந்தலுக்கு வந்து சண்டை போடுவார்கள். 'உங்கள் குடும்பத்தார் இங்கே காத்திருக்கிறார்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தை கிடைத்திருக்கிறது என்று அறிவிக்கும்போது சட்டை நிறத்தைச் சொல்ல மாட்டேன். தேடி வருகிறவர்கள் தாங்களாகவே அடையாளம் சொன்னால்தான் குழந்தையைக் கொடுப்போம். இப்படி எத்தனையோ பேரைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பந்தலில் நீலத் தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவதால் என் முகம் யாருக்கும் தெரியாது. குரல்தான் தெரியும். காய்கறிக் கடையில் "கத்தரிக்கா கால் கிலோ" என்று கேட்டால் போதும், பக்கத்தில் நிற்கிற பெண் திரும்பி, "நீங்க பௌர்ணமி அக்காதானே?" என்பாள். பிறகு கோயில்களைப் பற்றி வீடியோ போடும் ஓர் உள்ளூர்ச் சேனலுக்காக அஷ்ட லிங்கங்களைப் பற்றிப் பேசிக் கொடுத்தேன். அதுவும் நன்றாக ஓடியது. என் குரல் இணையத்துக்குப் போனது அப்படித்தான்.

எங்கள் கடை, ஆசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. எதிர் வீட்டு மாடியில், குளிர்காலம் வந்தால் ஒரு வெளிநாட்டு அம்மா வாடகைக்கு வருவார். எழுபதை ஒட்டிய வயது, நரைத்த குட்டை முடி, மூக்குக் கண்ணாடி. அர்ஜென்டினாக்காரர். சந்தில் எல்லோருக்கும் அவர் 'அர்ஜென்டினா அம்மா'தான். கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது என்பதில் எங்கள் தெருப் பையன்களுக்கெல்லாம் ஏமாற்றம்.

நான் பி.காம். படித்தவள், ஆங்கிலம் ஓரளவு பேசுவேன். அதனால் அவர் என்னிடம் ஒட்டிக்கொண்டார். வெளிநாட்டுக்காரர்களுக்காகப் பந்தலில் சில வரிகளை ஆங்கிலத்திலும் சொல்வேன். அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் கடைக்கு வந்தவர், என் உச்சரிப்பைத் திருத்தினார். 'வழி தவறிய குழந்தையைப் பார்த்தால், தயவுசெய்து எங்கள் பந்தலுக்கு அழைத்து வாருங்கள்' என்ற வரியை நான் ரயில்வே ஸ்டேஷனில் சொல்வது மாதிரி சொல்கிறேனாம். கூப்பிடுவது மாதிரி சொல்லு என்று எத்தனையோ தடவை சொல்ல வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பொழுது சாய்வதற்கு முன்னால், அவர் ஜன்னலோரம் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார். எதற்கு என்று கேட்டேன். தான் ஒரு யூதர் என்றும், அவர்கள் வீடுகளில் வெள்ளி மாலை இப்படி ஏற்றுவது வழக்கம் என்றும் சொன்னார். யூதர் என்றால் எனக்குப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தில் படித்த ஒரு பத்திதான் தெரியும். சந்தில் இருந்த பெண்களுக்கு அதுவும் தெரியாது. ஆனால் அவர்களுக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப் போனது. "நம்மள மாதிரியே வெள்ளிக்கிழமை வெளக்கு ஏத்துறாங்க பாரேன்" என்று பேசிக்கொள்வார்கள். மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டால் மளிகைக் கடைக்காரரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

மாசிப் பௌர்ணமிக்கு முந்தின வாரம், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். டிரைவர் போனில் ஏதோ வீடியோ ஓட விட்டிருந்தார். 'பக்தர்கள் கவனத்திற்கு' என்று ஆரம்பித்தது. என் குரல். பழைய அறிவிப்பு ஏதோ போட்டிருக்கிறார் என்று நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த வாக்கியம் காதில் விழுந்ததும் தூக்கிவாரிப் போட்டது.

யூதர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். உலகத்துப் பணமெல்லாம் அவர்கள் கையில்தானாம். நோயைப் பரப்பியது அவர்களாம். இப்போது கோயில் ஊர்களில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கிக் குழந்தைகளை நோட்டம் விடுகிறார்களாம். அவர்களுடைய சடங்குக்குக் குழந்தை ரத்தம் வேண்டுமாம். வெள்ளிக்கிழமை மாலை எந்த வீட்டில் இரண்டு மெழுகுவர்த்தி எரிகிறதோ அந்த வீட்டைக் கவனியுங்கள் என்று முடிந்தது. எல்லாம் என் குரலில். நான் அடி அண்ணாமலைப் பந்தலில் பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு ஆறுதல் சொல்வேனே, அதே கனிவோடு.

"அண்ணா, இது நான் பேசினது இல்ல" என்றேன்.

அவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா நீங்க, உங்க வாய்ஸ் எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னதாலதான் எங்க ஸ்டாண்டு குரூப்புலயே போட்டேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

பாதி வழியிலேயே இறங்கிவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரர் கையிலும் அதே வீடியோ. என்னை நிமிர்ந்து பார்த்து, "இதை எப்போ போய்ப் பேசின?" என்று கேட்டார். ஆட்டோக்காரர் கேட்டதைவிட இதுதான் சுட்டது. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்துகிற மனிதர்! நான் அழுததைப் பார்த்த பிறகுதான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மூச்சே இல்லியே" என்றார். "இவ்ளோ நேரம் பேசுது, எங்கயுமே மூச்சு வாங்கல. நீ எங்கூட சண்டை போடும்போதுகூட நடுவுல மூச்சு வாங்குவியே."

ஏஐ வைத்து யாருடைய குரலிலும் எதையும் பேச வைக்கலாம் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். அதெல்லாம் சினிமாக்காரர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் நடப்பது என்று நினைத்திருந்தேன். கத்தரிக்காய் கால் கிலோ வாங்குகிற எனக்கு நடக்கும் என்று யார் கண்டார்கள்? சைபர் பிரிவுக்குப் புகார் கொடுத்தோம். வீடியோ வந்திருந்த ஒவ்வொரு பக்கமாகப் போய் அதை நீக்கச் சொல்லிப் புகார் பட்டனை அழுத்தினோம். ஒன்று போனால் வேறு பெயரில் இரண்டு வந்தது. யார் செய்தார்கள், எந்த ஊரில் உட்கார்ந்து செய்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

'அது நான் இல்லை, நம்பாதீர்கள்' என்று நானே பேசி எங்கள் பகுதிக் குரூப்புகளில் எல்லாம் போட்டேன். சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். சிலர் 'சரிக்கா' என்றார்கள். ஒரு பெண் தனியாக மெசேஜ் அனுப்பினாள்: 'அவுங்க ஆளுங்க உங்கள மெரட்டிட்டாங்களாக்கா? பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்.' படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிட்டேன். பொய் என்று நான் சொன்னால், அது உண்மை என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிடுகிறது. இதற்கு மேல் என்னதான் செய்வது?

அர்ஜென்டினா அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் வீட்டுக்காரரும் மாடிக்குப் போனோம். வீடியோவில் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னேன். குழந்தை ரத்தம் என்ற வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை ஆரம்பித்துத்தான் சொல்லி முடித்தேன். அவர் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திடுக்கிடவே இல்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் அதிர்ச்சி. யாராவது என்னைப் பற்றி அப்படிச் சொல்லியிருந்தால் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பேன்.

ஐரோப்பாவில் தன் தாத்தாவின் ஊரில் இதே கதையைச் சொன்னார்கள் என்று சொன்னார். ஒரு குழந்தை காணாமல் போனது, யூதர்கள்மேல் பழி வந்தது, கடைகளை எரித்தார்கள். குழந்தை பக்கத்து ஊரில் உறவுக்காரர் வீட்டில் இருந்ததாம். அதைக் கண்டுபிடிக்கும்போது எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்திருந்தது. அதற்கு அப்புறம்தான் தாத்தா கப்பலேறி அர்ஜென்டினாவுக்குப் போனார். "கதை பழசு. குரல் மட்டும்தான் புதுசு" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, உன் குரலை இதற்கு எடுத்துக்கொண்டார்களே, உனக்கு எப்படி இருக்கும் என்று என்னிடம் வருத்தப்பட்டார். நான் ஆறுதல் சொல்லப் போன இடத்தில் அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

இந்தப் பௌர்ணமிக்கு மலை சுற்றப் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிக் குழந்தை பிடிக்க வந்தவர்கள் என்று அப்பாவிகளை அடிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. அவர் கேட்கவில்லை. பயந்து கதவைச் சாத்திக்கொண்டால் அந்த வீடியோ சொல்வது உண்மை என்று ஆகிவிடும் என்றார். பகலிலேயே, கூட்டம் ஏறுவதற்குள் சுற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சமாதானம் சொன்னார்.

பௌர்ணமி அன்று வெயில் இறங்காத சாயங்காலம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பந்தலுக்கு ஓடி வந்தது. நான்கு வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை. மோர் வாங்கக் கையை விட்ட நேரத்தில் எங்கேயோ போய்விட்டது. அந்தத் தாய் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அழக்கூட வரவில்லை அவளுக்கு. நான் தமிழில் அறிவித்தேன். பிறகு ஆங்கிலத்தில், அர்ஜென்டினா அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே, கூப்பிடுவது மாதிரி சொன்னேன். பாதையில் கொஞ்ச தூரத்துக்கு எங்கள் குழாய் ஸ்பீக்கர்கள் கட்டியிருந்தோம். எங்கேயோ ஒருவர் காதில் விழும் என்ற நம்பிக்கைதான்.

விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு இளைஞர்கள் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள்.

"அக்கா, ஒரு வெள்ளைக்காரம்மாவைப் புடிச்சி வெச்சிருக்காங்க. கையில ஒரு பொண்ணு கொழந்த. புள்ள புடிக்கிற கும்பலாம். நீங்க சொன்னீங்களே, அதேதான்கா."

'நீங்க சொன்னீங்களே.' அது அர்ஜென்டினா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். அவர் என் அறிவிப்பைக் கேட்டுத்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார். அவரை வழியில் மறித்தவர்களும் நான் சொன்னதாக நினைத்த ஒன்றைக் கேட்டுத்தான் மறித்திருக்கிறார்கள்.

மைக்கைப் பிடித்தேன். "குழந்தையோட வர்ற அம்மாவுக்கு வழி விடுங்க. நான்தான் அவங்கள வரச் சொன்னேன். அவங்க மேல யாரும் கை வைக்காதீங்க. நான்தான் வரச் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். குரல் உடைந்து கீச்சென்று போனது. ஓடி வந்த இளைஞர்களில் ஒருவனுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"இப்ப மைக்ல பேசறதுதான் டூப்புனு சொல்றாங்கக்கா. ஏஐ-ல பண்றாங்களாம்."

என் வாழ்நாளில் அப்படி ஓர் அதிர்ச்சியை நான் அனுபவித்ததில்லை. நான் உயிரோடு, வியர்த்து வழிய, தொண்டை கிழியக் கத்துவது பொய்யாம். மூச்சே விடாத அந்தச் சாமான் பேசியது நிஜமாம்.

மைக்கை வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். பந்தோபஸ்துக்கு நின்ற போலீசிடம் சொல்லுங்கள் என்று கத்திக்கொண்டே ஓடினேன். குழந்தையின் தாயும் என்னோடு ஓடி வந்தாள். கும்பலுக்கு நடுவில், பாதையோரக் கல்லின்மேல் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லை. சட்டையின் ஒரு கை தோளோடு கிழிந்து தொங்கியது. உதட்டில் ரத்தம். குழந்தை அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கிழியாத பக்கத்துச் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. சுற்றி நின்றவர்கள் ரவுடிகள் இல்லை. நெற்றியில் விபூதியோடு, தோளில் துண்டோடு, மலை சுற்ற வந்த சாதாரண மனிதர்கள். என்னை அதிகமாகப் பயமுறுத்தியது அதுதான்.

"விடுங்க அவங்கள. நான்தான் பந்தல்ல பேசறவ."

ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

என் முகம்தான் யாருக்கும் தெரியாதே. பேசினேன். நாள் பூராவும் சொல்கிற அறிவிப்பை அப்படியே சொல்லிக் காட்டினேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அந்தக் குரல் இந்த வாயிலிருந்து வருவதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். அந்த மனிதர் தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி வீடியோவை ஓட விட்டார். "அப்போ இது யாரு?" என்றார். நான் பேசிக்கொண்டிருக்க, என் குரலே எனக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தது. அதுதான் தடுமாறாமல் பேசியது. நான்தான் திக்கினேன்.

அதற்குள் தாய் உள்ளே புகுந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள். அப்பாடா, இனி முடிந்தது என்று நினைத்தேன். பெற்றவளே வந்துவிட்டாள், நன்றி சொல்வாள், எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு கலைவார்கள் என்று என் மனசு கணக்குப் போட்டது. அவள் குழந்தையின் வாயைப் பிளந்து விரலை விட்டாள். உள்ளே இருந்த பிஸ்கட்டைத் தோண்டி எடுத்துக் கீழே எறிந்தாள்.

"இன்னா குடுத்த எம் புள்ளைக்கு? சொல்லு, இன்னா குடுத்த?"

அர்ஜென்டினா அம்மாவுக்குத் தமிழ் புரியாது. ஆனால் விரலை விட்டதைப் பார்த்தாரே, அதற்கு மொழி வேண்டுமா? கண்ணாடி இல்லாத கண்ணால் சுற்றுமுற்றும் என்னைத் தேடினார். நான் அவர் பக்கத்தில் அந்தக் கல்லில் உட்கார்ந்து, அவர்மேல் என் முந்தானையைப் போர்த்தினேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடிப்பதென்றால் என்னையும் சேர்த்து அடிக்கட்டும் என்றிருந்தது. நல்லவேளை, ஒரு பெண் கான்ஸ்டபிளும் இரண்டு போலீஸ்காரர்களும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களைக் கண்டதும் கூட்டம் கலைந்தது. போகும்போதும் ஒருவர், "விசாரிச்சு விடுங்க மேடம்" என்று பொறுப்பாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு உதட்டில் தையல் போட்டார்கள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. கையைப் பிடித்து இழுத்தவர்கள்மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று போலீஸ் கேட்டபோது, அவர்கள்மேல் வேண்டாம், அந்த வீடியோவைச் செய்தவர்கள்மேல் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். குழந்தை சாப்பிட்டதா, அழுகையை நிறுத்தியதா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்தத் தாயைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அவளும் அந்த வீடியோவைப் பார்த்தவள்தான். அவள் நெஞ்சில் பயத்தைப் போட்டது என் குரல்தானே.

பிறகுதான் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஐரோப்பாவில் பல நூறு வருஷங்களாக இந்தக் குழந்தை ரத்தக் கதையைச் சொல்லி ஊர் ஊராக யூதர்களைக் கொன்றிருக்கிறார்கள். கொள்ளை நோய் வந்தபோது கிணற்றில் விஷம் கலந்தார்கள் என்று பழி போட்டு எரித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு பத்தியில் தாண்டிப் போன அந்தப் போரில் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள் என்றால், அது திடீரென்று ஒரு நாள் ஆரம்பித்ததில்லை. இப்படிக் கதை கதையாகச் சொல்லி, கேட்டவர்கள் பழகிப்போய்த்தான் அங்கே வந்து நின்றிருக்கிறது. யூதர் என்றால் யார் என்றே தெரியாத எங்கள் ஊரில் அந்தக் கதை வந்து இறங்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெறுப்பதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை என்பது எனக்குப் புதுப் பாடம்.

எங்கள் சந்திலும் பேச்சு நடந்தது. "பாவம், அர்ஜென்டினா அம்மா நல்லவங்கதான். ஆனா அவுங்க ஆளுங்க அப்பிடித்தானாமே?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீ நல்லவன்தான், ஆனா உங்க ஆளுங்க இருக்காங்களே என்கிற பேச்சை எங்கள் மாவட்டத்தில் ஏதாவது ஒரு பக்கமிருந்து கேட்காமல் வளர்ந்தவர் யார்? "உன்னையும் உங்க ஆளுங்களையும் அப்பிடிச் சொன்னா ஒத்துக்குவியா?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் வந்து, அந்த வீடியோவைத் தன் அக்காவுக்கு அனுப்பியிருந்ததாகவும், அது பொய் என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். எனக்கு அது போதும்.

இன்னொருவர் சண்டைக்கே வந்தார். அங்கே யூதர்களின் நாடு நடத்துகிற போரில் குழந்தைகள் சாகிறார்களே, அதைக் கேட்க மாட்டாயா என்றார். அந்தப் படங்களைப் பார்த்து எனக்கும்தான் வயிறு எரிகிறது. ஓர் அரசாங்கம் தப்புச் செய்தால் அந்த அரசாங்கத்தைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். வழி தவறிய குழந்தைக்குப் பிஸ்கட் வாங்கிக் கொடுத்த அர்ஜென்டினாக்காரரின் உதட்டைக் கிழித்தால் அங்கே எந்தக் குழந்தை பிழைக்கும் என்று கேட்டேன். அவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியாது.

அந்த அம்மா விசா முடிவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். எங்களைக் குறை சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த குளிர்காலத்துக்கு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை. வீட்டு உரிமையாளர் அந்த அறையை இன்னும் யாருக்கும் விடாமல் வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் பௌர்ணமி அன்று தார்ப்பாயை முன்பக்கம் கட்டுவதில்லை. வெளியே நாற்காலி போட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கத்தான் பேசுகிறேன். "என் குரல்ல யாரைப் பத்தியாவது கெட்டதா ஏதாவது வந்தா நம்பாதீங்க. இங்க வந்து என்கிட்ட கேளுங்க" என்று அறிவிப்புக்கு நடுநடுவே சொல்கிறேன். சிலர் நிஜமாகவே வந்து நின்று, "அப்போ அந்த யூதர் மேட்டரு பொய்யாக்கா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறேன். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தொண்டை போய்விடப் போகிறது என்று திட்டுகிறார். அந்த வீடியோ எங்கேயோ, எவர் போனிலோ இந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருக்கும், அதை என்னால் நிறுத்த முடியாது. என் குரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்ட காலத்தில், அடிபடுகிற ஒருவர் பக்கத்தில் ஓடிப்போய் உட்காருவது மட்டும் நானே செய்தாக வேண்டிய வேலை என்பதை அந்தக் கல்லின்மேல்தான் கற்றுக்கொண்டேன்.